நாலு சிலிண்டர் காருக்கு நல்ல சத்தம்: கொழும்பில் எந்த எக்சோஸ்ட், எதற்குச் செலவு?

எக்சோஸ்ட் மாற்ற என்று கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கடை வாசலில் தொங்கும் பெரிய வாய் சைலன்சர்கள்தான். பேரமும் அதிலிருந்தே தொடங்கும். டேர்போ இல்லாத, 1.3 முதல் 2.0 லீற்றர் வரையான நாலு சிலிண்டர் காரை வைத்திருப்பவர் அந்த இடத்திலேயே பேரத்தை நிறுத்திவிட்டு நடுப் பைப்பைப் பற்றிப் பேசுவது நல்லது. புகையின் நச்சைக் குறைக்கும் கொன்வேர்ட்டருக்கும் பின் சைலன்சருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதுதான் கார் இனிமையாகக் கேட்குமா, தகரம் போலக் கத்துமா என்பதைத் தீர்மானிக்கிறது. கையிலுள்ள காசில் பெரும்பங்கு அங்கேதான் போக வேண்டும்.

காரணம் என்ஜினிலேயே இருக்கிறது. இந்த என்ஜின்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. கிராங்க் தண்டு அரைச் சுற்றுச் சுற்ற ஒரு வெடிப்பு. 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்றில்) வினாடிக்கு 100 வெடிப்பு, 2000-இல் 67. இடைவெளி எல்லாம் சமம் என்பதால் வீ8 என்ஜினில் கேட்கும் குலுங்கல் இதில் வராது. சுபாருவின் ஈஜே20-உம் நாலு சிலிண்டர்தானே, அது மட்டும் எப்படிக் குமுறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. குமுறும் ஈஜே20-களின் ஹெடர், அதாவது சிலிண்டர்களிலிருந்து புகையைக் கொண்டுவந்து சேர்க்கும் பைப்புகள், சம நீளம் இல்லாதவை. வெடிப்புகள் முன்பின்னாக வந்து சேர்வதால் அந்தக் குமுறல். சம நீள ஹெடர் போட்டால் சுபாருவும் சாதாரண நாலு சிலிண்டர் சத்தத்துக்கு வந்துவிடும். ஆகவே சிவிக்கையோ லான்சரையோ சுபாரு போலக் கேட்க வைக்கும் சைலன்சர் எந்தக் கடையிலும் இல்லை. நம்முடைய காரில் செய்யக்கூடியது வேண்டாத இரண்டு சத்தங்களைக் கழிப்பது.

முதலாவது முழக்கம். 65 முதல் 110 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அதிர்வு) வரையான அடிச்சத்தம் சிறிய காரின் கபினை வெறும் குடத்துக்குள் பேசுவது போல அதிர வைக்கும். தெற்கு அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து கியர் மெனுவல் கார் ஓடுவது பெரும்பாலும் 2500-க்கும் 3200 ஆர்பிஎம்முக்கும் இடையில். முழக்கம் சரியாக அங்கே வந்து உட்கார்ந்தால் மாத்தறை போய்ச் சேருவதற்குள் தலையிடி நிச்சயம். இரண்டாவது கரகரப்பு. 3500-க்கு மேல் வரும் கூர்மையான தகரச் சத்தம் இது. கரகரப்பை ரெசனேட்டர், அதாவது நடுப் பைப்பில் வைக்கும் பஞ்சு அடைத்த உருளை, விழுங்கும். முழக்கத்துக்குப் பஞ்சு போதாது. பெரிய கொள்ளளவு வேண்டும், அல்லது அளந்து வைத்த பக்கப் பைப் வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதால்தான் பின் சைலன்சரை மட்டும் மாற்றியவர்கள் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

பின் சைலன்சர் மட்டும்

செலவு குறைந்த வழி இதுதான். பழைய பெட்டியை வெட்டி எடுத்துவிட்டு நேர்த்துளை சைலன்சர் ஒன்றை வெல்ட் பண்ணி, அரை நாளில் காரைத் தந்துவிடுவார்கள். கம்பனி ரெசனேட்டர் இன்னும் உயிரோடு இருக்கும் காருக்கு இது மோசமான தெரிவல்ல. சத்தம் சற்றுத் தடிக்கும், கரகரப்பு அடங்கியே இருக்கும். ஆனால் கொழும்பில் ஓடும் பழைய கார்களின் நடு ரெசனேட்டர் பல தடவை உள்ளே உக்கிப்போயிருக்கும். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் ஒட்டுப்போட்டே ஓட்டிய பைப்புகள் ஏராளம். காரை உயர்த்தி ரெசனேட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கலகலவென்றால் உள் தடுப்புகள் கழன்றுவிட்டன. அந்த நிலையில் பின்னால் எவ்வளவு விலை கொடுத்து எதைப் போட்டாலும் கத்தும்.

10 அங்குலத்துக்குக் குறைந்த உடல் கொண்ட உருண்டைச் சைலன்சரை வாங்க வேண்டாம். வெளியில் பெரிதாகத் தெரிவது வாய் மட்டுமே. பஞ்சு இருக்கும் இடம் குறைவு. 14 முதல் 16 அங்குல நீள உடல், உள்ளே துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி முதலில் ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சு, அதற்கு வெளியே நீள இழைக் கண்ணாடிப் பஞ்சு இருப்பதே பல வருடம் நிற்கும். கம்பிப் பஞ்சு இல்லாவிட்டால் சூடும் காற்றும் கண்ணாடி இழைகளைத் துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். ஒரே அளவு இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், பாரமானதை வாங்குங்கள்.

பாவித்த ஜப்பான் செட்

பஞ்சிகாவத்தையின் உண்மையான பலம் இது. ஃபுஜிட்சுபோ, எச்கேஎஸ், தனாபே, 5சிகென், ககிமோட்டோ போன்றவற்றின் பாவித்த செட்டுகள் ஜப்பானிலிருந்து வரும், பழைய கார்களை வெட்டிப் பிரித்த சாமான்களோடு வந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் காரின் சேசிஸ் குறியீட்டுக்கென்றே செய்த செட் நல்ல நிலையில் கிடைத்தால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. வளைவுகள் சுருங்காமல் வளைத்தவை, ஹூக் உள்ள இடம் பிசகாது, நடு ரெசனேட்டரின் அளவை அந்தக் கபினுக்காகவே தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஜாஸ்மா (ஜப்பானின் ஸ்போர்ட்ஸ் சைலன்சர் சங்கம்) தகடு இருந்தால் ஜப்பானின் சத்தச் சட்டத்துக்குள் அடங்கிய சாமான். அங்கே நின்ற நிலைச் சத்தத்தை அளப்பது பைப் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில், உச்ச வலு வரும் ஆர்பிஎம்மின் முக்கால் பங்கில். சும்மா ஐட்லில் (அக்சிலரேட்டரை மிதிக்காமல்) கேட்டுவிட்டுச் சரி சொல்வதல்ல.

குறியீட்டை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். டொயோட்டா அக்சியோ என்று கேட்டால் போதாது: என்சட்இ141 முன்சில்லு இழுவை, 144 நாலு சில்லு இழுவை, பின் அச்சின் அமைப்பு வேறு, பைப் போகும் பாதையும் வேறு. விற்பவர் இரண்டையும் அக்சியோ என்றே சொல்வார்.

வாங்குமுன் சைலன்சரைச் செங்குத்தாக நிமிர்த்திக் குலுக்குங்கள். கறுத்த பஞ்சுத் துகள் கொட்டினால் அடைப்பு கரைந்துவிட்டது. ஃபோன் டோர்ச்சை வாய்க்குள் அடித்தால் துளைகளுக்குப் பின்னால் பஞ்சு தெரிய வேண்டும். வெறும் இருட்டு தெரிந்தால் உள்ளே ஒன்றுமில்லை. விரல் முட்டியால் உடலை நெடுகத் தட்டிக்கொண்டு வாருங்கள்: மொத்தென்று கேட்பது நல்லது, டங்கென்று ஒலிக்கும் இடம் வெறுமை. பிறகு கீழ்ப் பக்கத் தையலில் ஸ்குரூ டிரைவர் முனையை அழுத்துங்கள், உள்ளே அமுங்கினால் வேண்டாம். பஞ்சு மட்டும் போயிருந்து உடல் நன்றாக இருந்தால் விலையைக் குறைத்து வாங்கிப் பஞ்சு மாற்றலாம். ரிவெட் அடித்து மூடிய வகைகளில் அது சுலபமான வேலை. வாயில் போல்ட் போட்டு மாட்டும் இன்னர் சைலன்சரும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள். அதைப் போட்டால் காற்றோட்டம் குறையும், ஆனால் இரவில் பிளட்ஸுக்குள் நுழையும்போது அயலவர்களின் தூக்கம் கெடாது.

பெயர் மட்டும் பொறித்த புதுப் போலிகளும் அதே கடைகளில் தொங்குகின்றன. எழுத்து லேசரில் பளபளக்கும், தகட்டில் மொடல் குறியீடு இருக்காது. வெளிநாட்டிலிருந்து புதுசாக வரவழைக்கும் அசல் செட் நல்லதுதான், ஆனால் கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் அதே தரத்தை இங்கேயே கட்டி முடித்துவிடலாம்.

உள்ளூரில் கட்டுவது

காருக்குச் சரியான ஜப்பான் செட் கிடைக்காதவர்களுக்கு, அதாவது பெரும்பாலானோருக்கு, நாங்கள் சொல்வது இதைத்தான்: கொன்வேர்ட்டரையும் அதற்கு முன்னால் உள்ளதையும் தொடாமல், அதற்குப் பின்னால் முழுவதையும் டிக் வெல்டிங் (மெல்லிய பைப்புக்கு ஏற்ற நுண்ணிய வெல்டிங்) தெரிந்த நல்ல பாஸ் ஒருவரிடம் கட்டுவது. சாமானை நீங்களே தேர்ந்து கொண்டுபோய்க் கொடுங்கள். முழுப்பொறுப்பையும் கராஜிடம் விட்டால் பைப்பின் தடிப்பிலும் ரெசனேட்டரின் நீளத்திலும்தான் முதலில் கைவைப்பார்கள்.

பைப்பின் அகலத்தில்தான் ஆசை அதிகம் தவறு செய்கிறது. 1.3, 1.5 லீற்றருக்கு 1.75 முதல் 2 அங்குலம்; 1.6, 1.8-க்கு 2 முதல் 2.25, டேர்போ இல்லாத 2.0-க்கு 2.25, கேம் மாற்றிய என்ஜினானால் 2.5. இரண்டு அங்குலத்துக்கும் இரண்டரைக்கும் வித்தியாசம் அரை அங்குலம்தானே என்று தோன்றும். 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பைப்பில் உட்பரப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுகிறது. 1.5 லீற்றர் என்ஜினின் புகை அந்த அகலத்தில் வேகமிழக்கும். காலி வீதி நெரிசலில் இரண்டாம் கியரில் இழுவை குறைந்ததாகத் தெரியும், முழக்கமும் கூடும். ஏற்கெனவே உள்ள பைப்பை அளக்க தையல் டேப் போதும்: சுற்றளவு 160 மில்லிமீற்றர் என்றால் 2 அங்குலம், 180 என்றால் 2.25, 200 என்றால் 2.5.

உலோகம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஊர்ந்து போகும் குறுகிய ஓட்டத்தில் பின் பைப் நன்றாகச் சூடேறுவதே இல்லை. அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். வெளியிலிருந்து கடல் உப்பு. சாதாரண இரும்பு இரண்டு பக்கத்தாலும் உக்கும். 304 தர ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், 1.5 மில்லிமீற்றர் தடிப்பில். 1.2 மில்லிமீற்றர் பாரம் குறைவு, ஆனால் கிணுகிணுப்புக் கூடும். காந்தம் பலமாக ஒட்டினால் அது 304 அல்ல, 409 ஆக இருக்கலாம். 409 மேலே துருப்பிடித்தாலும் நின்று உழைக்கும். காந்தம் ஒட்டாததெல்லாம் 304 என்று நம்பிவிடவும் கூடாது. மலிவான 201-இலும் காந்தம் ஒட்டாது, கடற்கரைக் காற்றில் அது சீக்கிரம் பழுப்பேறும். பைப்பின் மேல் அச்சடித்த தர எண்ணைப் பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

1.6 லீற்றர் சிவிக் அளவுள்ள காருக்குக் கொண்டுபோக வேண்டியது: 2 அங்குல நேர்ப்பைப் சுமார் 3 மீற்றர், மேன்ட்ரெலில் (உள்ளே அச்சு வைத்து, நசுங்காமல்) வளைத்த 45 பாகை எல்போ நாலு, 90 பாகை இரண்டு, 18 அங்குல நீளமும் 4 அங்குல விட்டமும் உள்ள நேர்த்துளை ரெசனேட்டர் ஒன்று, பின் சைலன்சர், பிளேஞ்ச் (பைப்புகளைப் போல்ட்டால் இணைக்கும் தகடு) இரண்டு சோடி கஸ்கட்டோடு, 10 மில்லிமீற்றர் கம்பி ஹூக்குகளுக்கு, புதுச் சைலன்சர் ரப்பர் முழுவதற்கும். பைப்பை மெஷினில் நசுக்கி வளைக்கும் இடத்தில் எல்போவைப் பிடிவாதமாகக் கேளுங்கள். நசுங்கிய ஒவ்வொரு வளைவும் பைப்பின் அகலத்தைத் திருடுகிறது. ரெசனேட்டர் 18 அங்குலமே ஆக வேண்டும். இடமில்லை என்று 8 அங்குலத்தைக் காட்டுவார்கள். கரகரப்பில் பாதி மிஞ்சும்.

வேலை தொடங்குமுன் பற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள், ஒக்சிஜன் சென்சர் பிளக்குகளையும் இழுத்துவிடுங்கள். வெல்டிங்கின் எர்த் கிளிப் பைப்பிலேயே, வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காரின் உடலில் கௌவினால் கரன்ட் வேறு வழி தேடி என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவைக் கெடுக்கலாம். பைப்பைப் பொருத்திப் புள்ளி வெல்ட் வைக்கும்போது கார் சில்லுகளில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கினால் பின் அச்சு தொங்கிவிடும். அந்த நிலையில் அளந்த பைப், நாலு பேர் ஏறியதும் அச்சில் இடிக்கும். எல்லாப் பக்கமும் 25 மில்லிமீற்றர் இடைவெளி, பெற்றோல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் பக்கத்தில் அதற்கும் மேல். 3 மீற்றர் 304 பைப் 200 பாகை சூடேறினால் ஒரு சென்டிமீற்றர் நீளும். ஆகவே ரப்பர்கள் குளிர்ந்த நிலையில் இழுபட்டு நிற்கக் கூடாது. பின் சைலன்சரின் அடியில், மிகத் தாழ்வான இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று. தங்கும் தண்ணீர் அதால் போகும்.

முன்பக்கத்தில் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப்பை நேர்ப்பைப்பாக மாற்ற விடாதீர்கள். குறுக்கே வைத்த என்ஜின் ஒவ்வொரு கியருக்கும் முன்பின்னாக ஆடும். அந்த ஆட்டத்தை ஃப்ளெக்ஸ் வாங்காவிட்டால் சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் மெனிஃபோல்ட் வாங்கும், பிறகு விரிசல் விடும்.

ஹெடர்

மெனிஃபோல்ட்டுக்குப் பதிலாகப் போடும் ஹெடரை ஏன் கடைசியில் வைக்கிறோம் என்றால், சத்தத்துக்காக அதை வாங்குபவர் ஏமாறுவது அதிகம். 4-2-1 வகையில் நாலு பைப் இரண்டாகி, பிறகு ஒன்றாகும்: ஒன்றாம் சிலிண்டரையும் நாலாவதையும், இரண்டாவதையும் மூன்றாவதையும் சோடி சேர்க்கிறது. நடு ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும், சத்தம் மென்மை. 4-1 வகை உச்ச ஆர்பிஎம்முக்கானது, சத்தம் கூர்மை. நகரத்துக்கு 4-2-1 என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கம்பனியின் வார்ப்பு மெனிஃபோல்ட் தடிப்பானது, என்ஜினின் கிணுகிணுப்பை அதுவே விழுங்கிக்கொள்ளும். மெல்லிய ஹெடர் அதை அப்படியே வெளியே விடும். சிவிக்கின் டி15, டி16 என்ஜின்களில் ஹெடர் முன்பக்கமாக இறங்கி என்ஜின் எண்ணெய்த் தொட்டியான சம்புக்குக் கீழால் போகும், வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி வாங்கும். சிவிக் எஃப்டி1-இன் ஆர்18 என்ஜினில் மெனிஃபோல்ட் சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. அதற்கு 4-2-1 ஹெடர் என்று யாராவது விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொன்வேர்ட்டரைக் கழற்றுவது தெரிவே அல்ல. வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை உண்டு; பெற்றோல் காரை ஐட்லிலும் 2500 ஆர்பிஎம்மிலும் வைத்துக் கார்பன் மொனொக்சைட்டையும் ஐதரோகார்பனையும் அளப்பார்கள். கழற்றினால் அங்கே மாட்டும், கொன்வேர்ட்டர் வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோட் வந்து செக் என்ஜின் லைட் எரியும், கரகரப்பு இரட்டிப்பாகும், பின்னால் வருபவர் நச்சைச் சுவாசிப்பார். "சும்மாவே கழற்றித் தருகிறேன்" என்று சொல்லும் இடத்தில் உள்ளே இருக்கும் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும்தான் கூலி.

பொருத்திய பின்

குளிர்ந்த என்ஜினை ஓட விட்டு, ஒருவர் துணியால் பைப் வாயைப் பொத்த, மற்றவர் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நீர் தெளிக்க வேண்டும். நுரை எழும்பும் இடம் ஒழுக்கு. முன் ஒக்சிஜன் சென்சருக்கு முந்திய ஒழுக்கு மிகக் கெட்டது: வெளிக்காற்று உள்ளே இழுபடும், பெற்றோல் போதவில்லை என்று இசியூ நினைத்துக் கூட ஊற்றும், லீற்றருக்கு ஓடும் தூரம் குறையும். பிளேஞ்ச் நட்டுகளை நாலைந்து சூடேற்றத்துக்குப் பிறகு, ஆறியதும் ஒருமுறை இறுக்குங்கள்.

அதற்குப் பிறகும் முழங்கினால் புதுச் சைலன்சர் தேடிப் போகாதீர்கள். ஃபோனில் சத்த அளவு அப் ஒன்றை சி-வெயிட்டிங்கில் (தாழ் சத்தத்தை அதிகம் குறைக்காமல் காட்டும் அமைப்பில்) வையுங்கள். ஏ-யில் வைத்தால் இந்தத் தாழ் சத்தத்தில் 20 டெசிபல் அளவு குறைத்துக் காட்டும். மேல் கியரில் மெதுவாக வேகம் கூட்டி, அப்பில் சத்தம் எந்த ஆர்பிஎம்மில் உச்சம் தொடுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். அது 2700 என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 90 வெடிப்பு. பின் சைலன்சருக்கு முன்னால் பிரதான பைப்பின் அதே அகலத்தில் ஒரு பக்கப் பைப்பைப் பிரித்து, நுனியை அடைத்துவிட்டால் அந்த ஒரு அலை அதற்குள் போய்த் திரும்பி வந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். நீளம் அந்த அலையின் கால் பங்கு. பக்கப் பைப்புக்குள் உள்ள புகை பிரதான பைப்பை விடக் குளிர்ச்சியானது என்பதால் 90 ஹேர்ட்ஸுக்கு சுமார் 1.1 மீற்றர் வரும். 1.2 மீற்றரில் தொடங்கி, நுனி மூடியைப் புள்ளி வெல்டில் மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு 2 சென்டிமீற்றர் குறைப்பும் அமைதியாகும் இடத்தை ஏறத்தாழ 50 ஆர்பிஎம் மேலே நகர்த்தும். சரியான நீளம் அகப்பட்டதும் மூடியை முழுதாக வெல்ட் பண்ணிவிடலாம்.